உறை

காசிமேட்டில் ஐஸ் பாருக்குச் சீட்டு எழுதுகிறேன்.
பாரை உடைக்க ஒருவன், கூடையில் அள்ள ஒருவன்,
விடியுமுன் போட்டுக்கு ஏற்ற நாலு பேர்.
வலி வந்தது மூன்றே கால் மணிக்கு.
நாற்பத்திரண்டாம் சீட்டு.

தாடையில் தொடங்கியது. பல்வலி என்று நினைத்தேன்.
அப்புறம் இடது தோளில்
ஈரச் சாக்கை யாரோ இறக்கி வைத்தார்கள்.
"கேஸுதான்க்கா, ஒரு சோடா அடி, போய்டும்"
என்றான் துலுக்காணம், கடப்பாரையை நிறுத்தாமல்.
அடித்தேன். இரண்டு சீட்டு எழுதினேன்.
மூன்றாவதில் 'பார்' என்பதன் கடைசி எழுத்துக்குப்
புள்ளி வைக்கக் கை வரவில்லை.

முப்பத்துநாலு வயது.
சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை,
வெற்றிலைகூடப் போடுவதில்லை.
ஸ்டான்லியில் அந்தச் சின்ன டாக்டரம்மா
ஈசிஜித் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்,
தாள் வேறு யாருடையதோ என்பதுபோல.

மறுநாள் கேட்டாள்:
"கர்ப்பம் ஏதாவது கலைஞ்சிருக்கா?"
மாரைப் பிடித்துக்கொண்டு வந்தவளிடம்
வயிற்றை விசாரிக்கிறாளே என்று
பிரகாசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
மூணு, என்றேன்.
அதற்குமுன் அந்த எண்ணை
வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாமியார் மட்டும் சொல்லியிருக்கிறாள், வேறு மாதிரி:
"ஐஸ்ல கெடக்கிறவ வயித்துல
எது தங்கும்?"
அதை நம்பித்தான்
ஆறு வருடம் சுடுதண்ணீரே குடித்தேன்.

இதய வார்டிலிருந்து மூட்டுவலிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.
என் மூட்டில் ஒன்றுமில்லை.
காவலுக்கு வைத்த ஆள்
வீட்டுக்காரனையே திருடன் என்று பிடிக்கிறானாம்,
அப்படி ஒரு நோய் என் ரத்தத்தில்.
டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும்
இந்த உவமையைச் சொல்லிக்கொடுப்பார்கள் போல.
மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.
மூன்றாமவரிடம் கேட்டேன்:
வீட்டுக்குள் வர இருந்தவர்களையும்
அவன்தான் வாசலில் நிறுத்தினானா?
அவர் பேனாவை மூடினார்.
"இருக்கலாம்மா" என்றார்.

வேடிக்கை ஒன்று உண்டு.
கண்ணாடிக் குழாயில் ஊற்றினால்
என் ரத்தம் தாமதமாகத்தான் உறைகிறதாம்.
ஊரார் முன்னால் அத்தனை நிதானம்.
உள்ளே வந்துதான் அவசரம்.

ஒரு முறை பார்த்தால் போதாது,
பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்,
அப்போதுதான் உறுதி என்றார்கள்.
வாரம் எண்ணத் தெரியும் எனக்கு.
இரண்டு பேர் பத்தில் நின்றார்கள்.
மூன்றாமது பதினொன்று வரை வந்தது.
இந்த முறைதான்
பன்னிரண்டு முழுசாக முடிந்தது.

இப்போது இரவு ஒரு மாத்திரை, எட்டு மணிக்கு.
மாதம் ஒரு தரம் ரத்தம் கொடுத்து
எண் வாங்கி வர வேண்டும்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே.
குறைந்தால் கட்டும். கூடினால் கசியும்.
பல் துலக்கும்போது எச்சிலைப் பார்க்கிறேன்.
கீரை தின்னலாம், ஆனால் என்றும் ஒரே அளவு;
ஒரு நாள் ஆசையாகக் கூடுதலாய்த் தின்றால்
எண்ணுக்குக் கோபம் வருகிறது.
மீன் ஆய்வதைப் பிரகாசம் வாங்கிக்கொண்டார்.
வஞ்சிரத்தை வெட்டத் தெரியவில்லை,
கிழிக்கிறார். நான் எதுவும் சொல்வதில்லை.

நேற்று அடுப்படியிலிருந்து மாமியார் கேட்டாள்:
"பாலுக்கு உறை ஊத்திட்டியா?"
தினமும் கேட்கிற கேள்விதான்.
கையில் மோர்க் கரண்டியோடு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
அவளும் வந்து வாசற்படியில் நின்றாள்.
கரண்டியை என் கையிலிருந்து எடுத்து
அவளே ஊற்றி மூடினாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அது மன்னிப்பா, தெரியாது.
தயிர் நன்றாகத்தான் வந்திருந்தது.

பீரோவின் அடித்தட்டில்
மூன்று பழைய ஓ.பி. சீட்டுகள்.
மூன்றிலும் ஒரே வரி, மூன்று கையெழுத்தில்:
காரணம் தெரியவில்லை.
ஐஸ் கம்பெனிப் பேனாவால்
மூன்றையும் அடித்தேன்.
பக்கத்தில் நோயின் பெயரை எழுதப் பார்த்தேன்;
அத்தனை நீளப் பெயருக்கு
அங்கே இடமில்லை.

புதன்கிழமை ரத்தம் கொடுக்கும் நாள்.
ஐஸ் கம்பெனியில் லீவு சொல்ல வேண்டும்.